“பால் காணாது” என்ற ஒரு சொல்

சகோதரிகளே, கொழும்புத்துறையில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்து மூன்று வாரம். பால் கொடுத்து அரை மணி ஆகவில்லை, மைம்மல் நேரத்தில் குழந்தை மறுபடி வீரிடுகிறது. “பிள்ளைக்குப் பால் காணாது போல கிடக்கு. ஒரு போத்தில் கரைச்சுக் குடு” என்கிறார் அம்மம்மா. பேரப்பிள்ளை மீதுள்ள பாசம்தான் அப்படிச் சொல்ல வைக்கிறது. ஆனால் பல வீடுகளில் தாய்ப்பால் நின்றுபோவது இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது.

உண்மையில் நடப்பது என்ன? மூன்றாம் வாரமளவிலும் ஆறாம் வாரமளவிலும் குழந்தை வேகமாக வளர்வதால் அடிக்கடி பால் கேட்கும். அப்படி அடிக்கடி சூப்புவதே சுரப்பைக் கூட்டுகிறது. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? இறைக்கிற கிணறுதானே ஊறும்! போத்திலில் ஒரு வேளை கொடுத்தால் மார்பில் ஒரு வேளை குறைகிறது, சுரப்பும் குறைகிறது. சில நாட்களில் அம்மம்மாவின் சொல் மெய்யாகிவிடும்.

முதல் வாரங்களில் கனத்திருந்த மார்பு பின்னர் இளகுவதைக் கண்டு “வற்றிவிட்டது” என்று கலங்குபவர்களும் உண்டு. அது வற்றுவதல்ல. ஐந்தாம் நாளுக்குப் பின் நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரமளவில் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் மட்டும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுத்த காரணம் வலி. காம்பை மட்டும் கவ்வினால் வெடிப்பு வரும். வாயை அகலத் திறந்து கருவட்டத்தின் பெரும்பகுதியையும் கவ்வ வைத்தால் வலி பெரும்பாலும் தீரும். பட்டம் பெற்ற பெண்ணுக்கும் இதைப் பாடப்புத்தகம் கற்பிக்கவில்லையே!

1995இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது பிள்ளையை ஏந்தி நடந்த தாய்மார் எத்தனை பேர்! அச்சமும் களைப்பும் பால் இறங்குவதைத் தாமதிக்கச் செய்யும். ஆனால் சுரப்பை அழித்துவிடுவதில்லை. அமைதியாக அமர்ந்து மார்போடு அணைத்தால் மீண்டும் இறங்கும்.

2016ஆம் ஆண்டு ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். வீடு தேடி வரும் மருத்துவமாதுக்களுக்கு இதில் பெரும் பங்குண்டு. பால்மா விளம்பரத்துக்குக் கடிவாளமிடும் விதிக்கோவையும் 1983 முதல் இருக்கிறது. ஆயினும் கிளினிக்கில் சொல்வது கர்ப்பிணியின் காதோடு நின்றுவிடுகிறது. முடிவெடுப்பதோ அம்மம்மாவும் கணவரும்! ஆகவே அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள், பிள்ளை பிறப்பதற்கு முன்பே. அல்பகரா அத்தியாயம் இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடும் அதே வசனத்தில், தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. முன்கூட்டிப் பால்குடி மறக்கடிப்பதென்றாலும் இருவரும் கலந்தாலோசிக்க வேண்டும். அப்படியிருக்க, இதைப் பெண்கள் விஷயம் என்று ஆண்கள் ஒதுங்கலாமா?

வேலைக்குப் போகும் தாய்க்கு 84 நாட்கள் விடுமுறை உண்டு. தனியார் துறையில் பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளையும் சட்டம் தருகிறது. கேட்டுப் பெறுங்கள். கையால் கறந்து சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்த பால் வெளியில் சுமார் நான்கு மணி நேரம் கெடாது. அதைச் சிறு கோப்பையால் ஊட்டலாம், சூப்பி வேண்டியதில்லை.

ஏற்கெனவே போத்திலுக்கு மாறிவிட்டீர்களா? இரண்டு வாரம் கடந்திருந்தாலும் கைவிட வேண்டாம். பகலிலும் இரவிலும் அடிக்கடி மார்பில் வைத்துச் சூப்பக் கொடுங்கள். உங்கள் பகுதி மருத்துவமாதுவிடமும் சொல்லுங்கள். பல தாய்மாருக்கு மீண்டும் சுரந்திருக்கிறது.