யோக்கியதையின் அட்டவணை

அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையார், இளங்கலை வகுப்புகளுக்கு விண்ணப்பித்தவர்களைத் தரம் பிரிப்பதற்காகச் சென்ற நூற்றாண்டின் கடைசியில் கையாண்டுவந்த புள்ளி அட்டவணையை நிதானமாக ஒரு முறை படித்துப் பார்க்கிறவருக்கு, கல்லூரிப் பிரவேசத்தில் நியாயம் எது என்று அந்நாட்டார் அரை நூற்றாண்டுக்கு மேலாக எதற்காக மல்லுக்கு நிற்கிறார்கள் என்பது, சட்டப் புத்தகம் எதையும் புரட்டாமலே விளங்கிவிடும். மொத்தம் 150 புள்ளிகள். 100-ஐ எட்டியவனுக்கு இடம் அநேகமாக நிச்சயம். பள்ளி மதிப்பெண்களுக்கு 80 வரை உண்டு. தேசம் முழுவதற்கும் பொதுவான தகுதித் தேர்வில் ஒரு பிழையுமின்றித் தேறியவனுக்கு 12. உள்ளூர் ராஜ்யவாசிக்கு 10. தாயோ தகப்பனோ அங்கே படித்திருந்தால் 4. கறுப்பர், ஹிஸ்பானியர், பூர்வகுடிகள் ஆகிய வகுப்பினருக்கு 20. அந்த வகுப்புகளில் பிறவாவிட்டாலும் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவனுக்கு 20. விளையாட்டுக்கென்று அழைத்துக்கொள்ளப்பட்டவனுக்கும் அதே 20.

பந்தை லாகவமாக எறியத் தெரிந்தவனுக்கு, பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவனைவிட அதிகப் புள்ளி கிடைத்தது பற்றி யாரும் உச்ச நீதிமன்றத்தின் படியேறவில்லை. பிறப்புக்காகக் கொடுத்த 20 தான் வழக்காயிற்று. 2003-இல் நீதிபதிகள் அதைச் செல்லாதென்று தள்ளினார்கள். அதே தினத்தில், அதே சர்வகலாசாலையின் சட்டக் கல்லூரி, புள்ளிக் கணக்கு வைக்காமல் ஒவ்வொருவரையும் முழுமையாகப் பார்க்கையில் இனத்தையும் ஓர் அம்சமாகக் கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். இன்னும் 25 ஆண்டுகளில் இந்த ஏற்பாட்டுக்கு அவசியமே இராது என்று தாம் எதிர்பார்ப்பதாக நீதிபதி ஸாண்ட்ரா டே ஓகானர் அத்தீர்ப்பில் எழுதினார்.

இந்த விவகாரத்தின் மூலத்தைத் தேடினால் 1965-க்குப் போகவேண்டும். கறுப்பர்களின் கல்விக்கென்று ஏற்பட்ட ஹோவர்ட் சர்வகலாசாலையின் பட்டமளிப்பு விழாவில் ஜனாதிபதி ஜான்ஸன், வெகுகாலம் சங்கிலியால் கட்டிவைத்திருந்த ஒருவனை அவிழ்த்துவிட்டு ஓட்டப் பந்தயத்தின் கோட்டில் நிறுத்தி, இனி மற்றவர்களோடு நீயும் ஓடலாம் என்று சொல்லிவிட்டால் நியாயம் செய்தாகிவிடுமா என்று கேட்டார். கேள்வி சரியானதே. ஆனால் பந்தயத்தில் இடமோ சொற்பம். ஒருவனுக்கு இடங்கொடுத்தால் இன்னொருவன் வெளியே நிற்க நேர்கிறது.

அப்படி வெளியே நின்றவர்தான் ஆலன் பாக்கி. மரீன் படைவீரராக வியட்நாம் சென்று திரும்பி, எஞ்சினீயராக வேலை பார்த்துக்கொண்டே முப்பது வயதுக்குமேல் வைத்தியம் படிக்க ஆசைப்பட்ட இவர், கலிபோர்னியாவில் டேவிஸ் வைத்தியக் கல்லூரிக்கு 1973-இலும் 1974-இலும் விண்ணப்பித்து இருமுறையும் நிராகரிக்கப்பட்டார். அக்கல்லூரியில் இருந்த 100 இடங்களில் 16 சிறுபான்மையோருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றின்மூலம் சேர்ந்தவர்களின் சராசரியைவிடத் தம் மதிப்பெண் மேலானது என்பதே அவர் வாதம். 1978-இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலாகப் பிரிந்து நிற்க, நடுவே நின்ற நீதிபதி பவல், எண்ணிக்கை குறித்து ஒதுக்குவது கூடாது, இனத்தை ஓர் அம்சமாகக் கருதுவது கூடும் என்று இருசாராரையும் பாதி திருப்தி செய்தார். பாக்கி சேர்ந்து படித்து டாக்டரானார். ஆனால் அதே கல்லூரியின் டீன், வேண்டியவர்களின் மக்களுக்காகத் தாமே குறுக்கிட்டு இடம் வாங்கித் தருவது வழக்கமாக இருந்ததென்பதும், சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் மகன் விண்ணப்பமே போடாமல் உள்ளே வந்தானென்பதும் எத்தனை பேர் நினைவில் இருக்கின்றன?

நம் நாட்டிலும் இதே சிக்கல் எழுந்தது. சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி உத்தரவை 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றபோது, அதே வருஷம் அரசியல் சட்டத்தையே திருத்தி, பின்தங்கியோருக்கு விசேஷ ஏற்பாடு செய்யலாம் என்று வெளிப்படையாக எழுதிவைத்தோம். அமெரிக்காவில் அப்படியொரு விதி கிடையாது. 1868-இல் வந்த சமபாதுகாப்பு ஷரத்து ஒன்றையே இரு கட்சியாரும் இருபுறமும் பிடித்திழுக்கிறார்கள்.

எதிர்க்கட்சியின் மனக்குறையை அலட்சியம் செய்வதற்கில்லை. ஹார்வர்ட் சர்வகலாசாலையின்மேல் தொடுத்த வழக்கில், ஆசிய வம்சத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் உயர்ந்த மதிப்பும் குணநலன் என்ற தலைப்பில் மட்டும் தாழ்ந்த மதிப்பும் விழுந்திருந்தது வெளியாயிற்று. அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் குடும்பங்களுக்கு இது சுருக்கென்று தைத்திருக்கும். மிச்சிகனின் அட்டவணையில் செல்வந்தரான கறுப்பு டாக்டரின் மகனுக்கும் சேரியில் வளர்ந்தவனுக்கும் ஒரே 20 புள்ளி என்பதையும் என்னால் ஆதரிக்க முடியவில்லை. ஆயினும் அதே ஹார்வர்ட் வழக்கின் தஸ்தாவேஜுகளை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவர்களில் 43 சதவிகிதத்துக்கு மேற்பட்டோர் விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர்களின் மக்கள், ஆசிரியர்களின் மக்கள், டீனின் விசேஷப் பட்டியலில் இருந்தவர்கள் ஆகிய வகைகளில் வந்தவர்கள் என்று கணக்குக் காட்டினார்கள். பட்சபாதம் வேண்டாம் என்கிறவர் இந்தப் பட்டியலையும் கையிலெடுத்தால்தான் அவர் பேச்சுக்கு மதிப்பு.

ஓகானர் குறித்த 25 ஆண்டு முடியுமுன், 2023 ஜூனில், அந்த ஹார்வர்ட் வழக்கில், இனத்தைக் கருதும் ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் விலக்கிவிட்டது. பழைய மாணவர்களின் மக்களுக்குத் தரும் பரம்பரைச் சலுகையை அத்தீர்ப்பு தடை செய்யவில்லை. மறுவருஷம் கலிபோர்னியா சட்டசபை, தனியார் கல்லூரிகளிலும் அச்சலுகை கூடாதென்று சட்டம் செய்தது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலை, ராஜ்ய அரசின் உபகாரச் சம்பளத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டு, சலுகையை வைத்துக்கொண்டது.