பனிக்குள் தங்கிய வெள்ளி

1915 நவம்பர் தொடக்கம். அண்டார்டிகாவின் வெடல் கடலில், பனிப்பாளங்களின் நெருக்கலில் எண்டியூரன்ஸ் கப்பல் நொறுங்கிக்கொண்டிருந்தது. பாதி மூழ்கிவிட்ட கப்பலின் உட்சுவரை வெட்டித் திறந்து, உடைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூழாகக் கிடந்த பனிநீருக்குள் இறங்கினார் ஃபிராங்க் ஹர்லி. சிட்னிக்காரர், வயது 30. ஷாக்கிள்டனின் பயணக் குழுவில் புகைப்படக்காரரும் அவரே, சினிமா ஒளிப்பதிவாளரும் அவரே. கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்கள் இருந்த தகரப் பெட்டிகளைத் துழாவி எடுத்து மேலே கொண்டுவந்தார். மூடிகளைச் சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்ததால் உள்ளே தண்ணீர் புகவில்லை.

அந்தப் பற்றவைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? நெகட்டிவ் தகட்டின் மேல் இருப்பது ஜெலட்டின் பூச்சு. மாட்டுத்தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுக்கும் பசை அது. வெள்ளித் துகள்களைத் தன்னுள் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். குளிர்ந்த நீர் பட்டால் ஜெலட்டின் கரையாது, ஊறி உப்பும். ஊறியது உறைந்தால் உள்ளே பனிப்படிகங்கள் முளைத்துப் பூச்சைக் கிழித்துவிடும். சூடு வேறு விதமான எதிரி. ஈரமாக இருக்கும்போது 30 டிகிரியை எட்டினாலே ஜெலட்டின் இளகத் தொடங்கும். வெப்ப நாடுகளின் இருட்டறைகளில் படம் கழுவும் தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டது இதனால்தான். ஹர்லிக்கு இரண்டு எதிரிகளையும் தெரியும். 1920-களில் பப்புவாவின் புழுக்கத்திலும் அவர் படமெடுத்தார்.

பெட்டிகள் மீண்டன. ஆனால் இனி எல்லாரும் பனியில் ஸ்லெட்ஜ் இழுத்தும் படகு வலித்தும் போக வேண்டும். கண்ணாடியோ கனமான பொருள். ஹர்லியும் ஷாக்கிள்டனும் பனியின் மேல் உட்கார்ந்து தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சுமார் 120 தகடுகளை வைத்துக்கொண்டார்கள். மீதி ஏறத்தாழ 400 தகடுகளை, மனம் மாறித் திரும்ப எடுக்க வழியில்லாதபடி, அங்கேயே உடைத்துப் போட்டார்கள். எடுத்த படத்தைத் தன் கையாலேயே உடைப்பது புகைப்படக்காரனுக்கு எவ்வளவு பெரிய வேதனை! அந்த 400-இல் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

பெரிய கேமராக்களையும் விட்டாயிற்று. மிஞ்சியது வெஸ்ட் பாக்கெட் கோடாக் என்ற சட்டைப்பை கேமராவும் மூன்று ஃபிலிம் சுருள்களும். படகுகளில் போய்ச் சேர்ந்த எலிஃபெண்ட் தீவில் 22 பேர் கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அடியில் மாதக்கணக்கில் உயிர் பிழைத்துக் கிடந்ததை ஹர்லி அந்தச் சிறிய கேமராவில்தான் எடுத்தார். தீவில் இருட்டறை ஏது, மருந்து ஏது? மீட்கப்பட்ட பிறகு, சிலி நாட்டின் புன்டா அரீனாஸ் நகரில்தான் கழுவ முடிந்தது. அதுவரை அந்தப் படங்கள் எங்கே இருந்தன?

வேதியியல் இங்கே செய்யும் காரியம் வியக்க வைப்பது. ஃபிலிமில் இருப்பவை சில்வர் புரோமைடு படிகங்கள். ஒளி பட்டதும் ஒரு படிகத்தின் ஏதோ ஒரு மூலையில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடும். அவ்வளவுதான் நடக்கும். தீவில் அந்தச் சுருளை எப்படித் திருப்பிப் பார்த்திருந்தாலும் அதில் படம் இருப்பதாகவே தெரிந்திருக்காது. கழுவும் மருந்து பட்டவுடன், அந்த நாலைந்து அணுக்கள் இருக்கும் படிகம் மட்டும் முழுவதுமாக வெள்ளியாக மாறும். ஒரு படிகத்தில் இருக்கும் அணுக்களோ பல கோடி. உறை போட்ட ஒரு துளி மோர் பானைப் பால் முழுவதையும் தயிராக்குவது போல, கண்ணுக்கே தெரியாத புள்ளி ஒன்று படிகத்தையே மாற்றிவிடுகிறது. குளிர் இருந்தால் இந்தப் புள்ளி நெடுநாள் அழியாது. 1897-இல் பலூனில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்ட சுவீடன்காரர் ஆந்த்ரேயின் குழு பனியில் மாண்டது. அவர்களின் ஃபிலிம் 1930-இல் கிடைத்து, கழுவியபோது, 33 ஆண்டுகளுக்குப் பின் 93 படங்கள் எழுந்து வந்தன.

ஃபிலிமுக்கு இன்னொரு குணமும் உண்டு: அது ஒளியைச் சேர்த்து வைக்கும். கண் அப்படியல்ல, நொடிக்கு நொடி பழையதை அழித்துவிடும். ஹர்லியின் புகழ்பெற்ற இரவுப் படம் இந்தக் குணத்தால் பிறந்தது. 1915 ஆகஸ்ட் 27, இரவு. பனிமேடுகளுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து, சுமார் 20 முறை வெடிமருந்து வெளிச்சம் கொளுத்தினார். ஒவ்வொரு மின்னலுக்கும் கண் கூசி, திசை தெரியாமல் பனிமுனைகளில் காலை மோதிக்கொண்டு, ஆழமான பனிக்குள் விழுந்து எழுந்தார். தகட்டிலோ அத்தனை வெளிச்சமும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்தது. கறுத்த வானத்தின் முன் எலும்புக்கூடு போல வெளுத்து நிற்கும் எண்டியூரன்ஸை நாம் பார்க்கிறோம். அந்த இரவில் அங்கே நின்றிருந்த யாரும் கப்பலை அப்படி முழுதாகக் கண்டதில்லை. ஆனாலும் அது உண்மையான படம் என்பேன். அங்கே இருந்த கப்பல், அங்கே பட்ட ஒளி, ஒரே தகடு.

1917-இல், முதல் உலகப் போரில், ஆஸ்திரேலியப் படையின் புகைப்படக்காரராக ஈப்ர் போர்முனைக்குப் போனபோதுதான் சிக்கல். அக்காலத் தகடுகளில் பெரும்பாலானவை நீல ஒளியை அதிகமாகப் பதியும், சிவப்பைக் கிட்டத்தட்டப் பதியவே பதியாது. அதனால் நீலவானம் வெறும் வெள்ளையாகிவிடும், மேகமே தெரியாது. வேறொரு தகட்டிலிருந்து மேகத்தை எடுத்து ஒட்டி அச்சிடுவது தொழில் வழக்கமாக இருந்தது. ஹர்லி அதையே போருக்கும் நீட்டினார். விமானம், குண்டுவெடிப்பு, பாயும் வீரர்கள் எல்லாம் ஒரே நெகட்டிவில் அகப்படுவதில்லை என்பது அவர் கட்சி. அப்படிப் பல நெகட்டிவ்களைச் சேர்த்துப் போர்க்காட்சிகளைச் செய்தார். போர் வரலாற்றாளர் சார்லஸ் பீன் இவை போலி என்று தடுத்தார். ஹர்லி பதவி விலகுவதாக மிரட்டினார். கடைசியில், கூட்டுப்படம் என்று குறிப்பிட்டுச் சிலவற்றை மட்டும் காட்டலாம் என்று முடிவானது. நான் பீன் பக்கம். களத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் பார்க்கப்போகும் படம் அது.

ஹர்லி 1962-இல் இறக்கும்வரை கேமராவை விடவில்லை. துருவ ஆய்வாளர் மாசனுடன் 1911-இலேயே அண்டார்டிகா, பிறகு இரண்டு உலகப் போர்கள், பப்புவா, ஆஸ்திரேலியக் கதைப்படங்கள் என்று அரை நூற்றாண்டு. ஷாக்கிள்டன் பயணத்தின் படச்சுருள்கள் 1919-இல் ‘சவுத்’ என்ற படமாக வந்தன. அவர் காப்பாற்றிய தகடுகளில் பல இன்றும் லண்டன் ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டியில் இருக்கின்றன. எலிஃபெண்ட் தீவில் கரையில் நிற்பவர்கள் கையசைக்கும் படம் ஒன்று, 1916 ஆகஸ்ட் 30 மீட்பு என்று வெளியானது. உண்மையில் அது ஏப்ரல் 24 அன்று, ஷாக்கிள்டனும் ஐவரும் ஜேம்ஸ் கெயர்டு படகில் உதவி தேடிப் புறப்பட்டபோது எடுத்தது. இன்று அதை நம்மால் சொல்ல முடிவதற்குக் காரணம், ஹர்லி அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த படங்களே.