கையெழுத்தில்லாத படம்

என் மாமியார் வீட்டுக் கூடத்தில், ஊஞ்சலுக்கு நேர் எதிரே ஒரு ஆயில் பெயிண்டிங் மாட்டியிருக்கும். நீல மலை, நடுவில் ஏரி, கரையில் நாலு கற்பூர மரம். 1948ல் குன்னூரில், சீமைக்குத் திரும்பிய ஒரு துரை வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது என் மாமனாரின் அப்பா எடுத்தது. வரைந்தவர் யாரோ! மூலையில் கையெழுத்தே கிடையாது.

போன வருஷம் அத்தை எங்களோடு வந்துவிட்டார். சாமான்களைப் பங்கு போடும்போது வந்தது வினை. 2025ல் ஹுசைனின் ஓவியம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனதே, அதைப் படித்துவிட்டு, "அண்ணி, இதுவும் லட்சக்கணக்கில் போகும். சும்மா விடமுடியாது" என்றாள் நாத்தனார். எனக்கும் ஆசை விட்டதா? மகளின் காலேஜ் ஃபீஸ் கண்முன் நின்றது. இரண்டு மாசம் அவளும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் நான் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். பழைய சாமான் வியாபாரி பார்க்க வருகிறார் என்று, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒரு ஓரத்தைத் துடைத்தேன். துணியில் பச்சை பச்சையாய் ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு மரத்தின் இலை! பகீரென்றது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. வந்த வியாபாரி, "சைனே இல்லையேம்மா, ஆயிரத்து ஐந்நூறு தரேன்" என்றார்.

கடைசியில் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு, தெரிந்த ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டரிடம் போனோம். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அச்சுப் படம்னா புள்ளி புள்ளியாத் தெரியும். இது பிரஷ்ஷால போட்டதுதான்" என்றார். சட்டத்தைக் கழற்றச் சொன்னார். சில சமயம் கையெழுத்து சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்குமாம். இதில் இல்லை.

பிறகு படத்தைத் திருப்பினார். "முகத்தைவிட முதுகுதான் நிறையப் பேசும்மா!" பழுப்பேறிய கேன்வாஸ், ஸ்டேப்ளர் பின் இல்லாமல் துருப்பிடித்த சின்ன ஆணிகள், லண்டன் வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி முத்திரை. நாத்தனார் முகம் மலர்ந்தது. "அவசரப்படாதேம்மா. முத்திரை கேன்வாஸ் விற்ற கம்பெனியைச் சொல்லும், வரைந்தவரைச் சொல்லாது" என்றார்.

வயதைக் கண்டுபிடிக்க வேறு வழிகளும் உண்டாம். புற ஊதா விளக்கில் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிருமாம்; பின்னால் பூசின இடம் கறுப்பாகத் தெரியுமாம். டைட்டானியம் வெள்ளை 1920 வாக்கில்தான் ஓவியர்கள் கைக்கு வந்தது. மூல வண்ணத்திலேயே அது இருந்தால் படம் அதற்குப் பிந்தியது. நூறு வருஷம் தாண்டிய ஓவியத்தை 1972ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நாம் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

"விலை?" என்றாள் நாத்தனார்.

"ஏரியில மலையோட நிழல் கோணலா விழுந்திருக்கு பாரு. பொழுதுபோக்கா வரைஞ்ச கை. பெயர் தெரியாத படத்துக்கு அழகும் நிலைமையும்தான் விலை. சில ஆயிரம் போகும், லட்சமெல்லாம் இல்லை. வாங்க வர்றவரையே விலை மதிக்கச் சொல்லாதீங்க. கடைக்காரர் கேட்கிற விலையை நம்பாம, ஏலத்துல நிஜமா விற்ற விலையைப் பாருங்க" என்றார். பிறகு, "இந்த மரம் ஏன் மொட்டையா இருக்கு?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். நாத்தனார் முகத்தைப் பார்க்கவே கூசியது. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கினால், அடியில் இருக்கும் பசை ஊறி வண்ணத்தைத் தூக்கிவிடுமாம். சகோதரிகளே, ஈரத்துணி, சோப்பு, உருளைக்கிழங்கு எதுவுமே வேண்டாம். வண்ணம் உதிராத இடத்தில் மட்டும் மிருதுவான உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். வெயில் படும் சுவரும் அடுப்படிச் சுவரும் ஆகவே ஆகாது.

சட்டத்தைத் திரும்ப மாட்டும்போது பின்பலகை இடுக்கிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. தாத்தாவின் கையெழுத்து: "குன்னூர் ஏலம், 1948, ரூ. 12."

"பன்னெண்டு ரூபாய் படத்துக்கா அண்ணி நாம ரெண்டு மாசம் பேசாம இருந்தோம்?" என்று சிரித்தாள் நாத்தனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். படம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதானே சாட்சி? படம் இப்போது அத்தையின் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது. ஒரு மரம் மட்டும் மொட்டையாக நிற்கிறது. அத்தை அதை இன்னும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் சொல்லவில்லை.