ரொட்டியும் ஸ்தூல சரீரமும்

தேக பாரத்தைக் குறைக்க விரும்புவோர் முதன்முதல் கைவிட நினைப்பது ரொட்டியையே. ‘ரொட்டியை விட்டேன், உடம்பு இளைத்தது’ என்று சொல்வோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். இவ்வெண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. 1863-ம் வருஷத்தில் லண்டன் நகரத்தில் வில்லியம் பான்டிங் என்பவர் வெளியிட்ட சிறு பிரசுரமே இதனை உலகறியச் செய்தது. அப்பிரசுரத்தில் உள்ளதற்கும், அதன் பேரால் இன்று ஜனங்கள் பேசிக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. ஆகவே, அதனைச் சிறிது விவரிப்போம்.

பான்டிங் வைத்தியரல்லர். அரச குடும்பத்தாருக்கும் பிரபுக்களுக்கும் அடக்கச் சடங்குகளை நடத்திவைத்த வியாபாரி. 1862-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவருக்கு வயது 65. உயரம் 5 அடி 5 அங்குலம். நிறை 202 ராத்தல். குனிந்து பாதரட்சையின் முடிச்சைப் போட அவரால் இயலாது. முழங்கால் பாரந் தாங்காமையால் மாடிப்படியில் பின்புறமாகவே இறங்குவார். வைத்தியர் பலர் தேகப்பயிற்சியை விதித்தனர். அதிகாலையில் நதியில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். தசை வலுத்தது, கூடவே பசியும் வலுத்தது, உண்டார், மேலும் பருத்தார்! நீராவி ஸ்நானம், கடற்காற்று, குதிரைச் சவாரி யாவும் வீணாயின.

முடிவில், காது மந்தமாயிற்றென்று டாக்டர் வில்லியம் ஹார்வி என்பவரிடம் சென்றார். ஹார்வி, பாரிஸ் நகரத்தில் கிளாட் பெர்னார்டு என்னும் சாஸ்திரி ஈரலையும் சர்க்கரையையும் பற்றிச் செய்த ஆராய்ச்சிகளை அறிந்தவர். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகிய ஆறையும் கூடியவரை விலக்குமாறு அவர் கூறினார். அதுவரை பான்டிங்கின் ஜீவனமே இவ்வாறினாலும் நடந்து வந்தது. ஓராண்டில் 46 ராத்தல் குறைந்தது. இடுப்பின் சுற்றளவு 12 அங்குலத்துக்கு மேல் சுருங்கிற்று. அவர் தம் அனுபவத்தைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். வைத்திய உலகில் பலர் ஏளனஞ் செய்தனர். ஜனங்களோ அவர் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டார்கள். சுவீடன் தேசத்தார் இன்றும் உடல் இளைக்கப் பத்தியம் இருப்பதை ‘பான்டா’ என்றே சொல்லுகிறார்கள்.

இங்கே நியாயஸ்தலத்து வழக்கப்படி ஒரு குறுக்குக் கேள்வி கேட்போம். ஆறு பொருள்களை ஒருங்கே விலக்கியவர், குற்றவாளி ரொட்டிதான் என்று எவ்வாறு சாதிக்கக் கூடும்? சர்க்கரை இட்ட தேநீரும், பீரும், பழப் பணியாரமும் ரொட்டியுடனேயே போயின அல்லவா? மேலும், பான்டிங் ரொட்டியை முற்றிலும் துறந்தவருமல்லர். காலையிலும் மத்தியானத்திலும் ஓர் அவுன்ஸ் வாட்டிய ரொட்டி உண்டு வந்தார். அது தொண்டையில் இறங்குவதற்கு ஒரு கரண்டி சாராயம் தெளித்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறார்! (அந்தப் பாகத்தை நம் நேயர்கள் பின்பற்ற வேண்டுவதில்லை.)

ஒரு சாட்சியைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. 2018-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் ஒரு பரிசோதனையின் முடிவைப் பிரசுரித்தார்கள். 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு மாப்பொருளையும், மற்றவருக்குக் கொழுப்பையும் ஓராண்டு குறைத்தார்கள். முன்னவர் சராசரி 6 கிலோவும், பின்னவர் 5.3 கிலோவும் இளைத்தனர். இதைப் பொருட்படுத்தத்தக்க வித்தியாசமாக ஆராய்ச்சியாளர் கொள்ளவில்லை. இரு பிரிவாரும் சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறைத்துக் காய்கறியை மிகுதியாக உண்ணும்படி சொல்லப்பட்டவர்கள் என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

ரொட்டியை விட்ட முதல் வாரத்திலேயே தராசு முள் இறங்குவதைக் கண்டு மயங்குவோர் பலர். ஈரலிலும் தசையிலும் சேமித்த மாப்பொருள் நீரோடு கூடியிருக்கிறது. ஆகாரத்தில் மாவு குறைந்ததும் அச்சேமிப்புச் செலவாகி, நீரும் வெளியேறுகிறது. அப்பொழுது குறைவதில் பெரும்பாகம் கொழுப்பன்று. மறுபடியும் வழக்கம்போல் உண்டால் அந்நீரும் திரும்பிவிடும். ரொட்டியை விலக்கியதாகப் பெருமை பேசி, அதன் ஸ்தானத்தில் நான்கு இட்டலி கூடுதலாக உண்பவரையும் நாம் அறிவோம். அவருக்கு அந்நீர் இறங்கும் சந்தோஷமும் இல்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம். நீரிழிவுக்கு இன்சுலின் முதலிய மருந்து கொள்ளுவோர், தம் வைத்தியரிடம் சொல்லாமல் ரொட்டியையோ சோற்றையோ திடீரென்று வெகுவாகக் குறைத்தல் கூடாது. மருந்தின் அளவு பழைய ஆகாரத்துக்கு ஏற்றது. ஆகாரம் குறைந்து மருந்து குறையாவிடில், இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மூர்ச்சையும் நேரிடும்.