பச்சீஸா, பச்சாஸா? உருது எண்களைக் கற்றுக்கொள்வோம்



சில மாதங்களுக்கு முன் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் அமர்ந்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் உருது பேசுபவர்கள். பெண் வீட்டார் நம்மில் பலரைப் போல வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம். தஃப்தரில் மஹர் தொகையை எழுதும் இடம் வந்தது. இருபத்தைந்தாயிரம் என்று எழுதப்போனபோது பெண்ணின் நன்னா, "அம்பதுன்னு தானே பேசினோம்?" என்றார். மாப்பிள்ளையின் பெரியத்தா, "இல்லீங்க பாய், பச்சீஸ் ஹஜார்னுதான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். இவரும் பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. பெண் பார்த்த அன்று சொல்லப்பட்ட 'பச்சீஸ்', கேட்டவர் காதில் 'பச்சாஸ்' என்று விழுந்திருக்கிறது. பத்து நிமிடம் பேசி, இரு வீட்டாரும் மனமொத்து ஒரு தொகையை எழுதினார்கள். ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் யாருக்கும் நன்றாக இல்லை.

வாழப்பாடியிலும் சேலம், ஆத்தூர் பக்கத்திலும் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுபவர்களில் பாதிப்பேர் வீட்டில் தமிழ், மீதிப்பேர் வீட்டில் உருது. கிருஷ்ணகிரி, வாணியம்பாடி பக்கம் சம்பந்தம் செய்தால் உருது வீட்டுக்குத்தான் பெண் போகிறது, அல்லது அங்கிருந்து வருகிறது. பேச்சு ஆறு மாதத்தில் பழகிவிடுகிறது. எண்கள்தான் பழகுவதில்லை. உருது வீட்டுப் பிள்ளைகளே இன்று அப்படித்தான் இருக்கிறார்கள். இருபது வரை உருதுவில் எண்ணுவார்கள், அதற்கு மேல் தமிழுக்குத் தாவுவார்கள், போன் நம்பர் என்றால் இங்கிலீஷ். பள்ளியில் கணக்கைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ படிக்கிற பிள்ளைக்கு வேறு வழியும் இல்லை. தாதிமா "அட்தாலீஸ்" என்றால் பேரன் "அப்படின்னா எவ்வளவு?" என்கிறான். நாற்பத்தெட்டு.

இந்த எண்கள் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் இந்தப் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கைப்படி சேலமும் பாராமஹாலும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பக்கத்துக்கு வழங்கிய அந்தப் 'பாராமஹால்' என்ற பெயரிலேயே ஓர் எண் இருக்கிறது. பாரா என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட சீமை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கணக்கோடு சேர்ந்த வசூல், பாக்கி, ரசீது, கஜானா, ஜப்தி, ஜமாபந்தி, சராசரி, ஜாஸ்தி, கம்மி எல்லாம் அரபி, பார்சி, உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொற்கள்தான். பாக்கு மண்டியில் நிற்கும் நம் இந்து சகோதரரும் நாள் முழுக்க இவற்றைத்தான் பேசுகிறார். சொற்கள் வந்து தங்கிவிட்டன, எண்கள் மட்டும் வீட்டுக்குள் நின்றுவிட்டன.

முதலில் ஒன்று முதல் பத்து: ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே, ஸாத், ஆட், நௌ, தஸ். இதில் சார், சே இரண்டிலும் வரும் ச-வைப் 'பச்சை' என்பதில் வருகிற மாதிரி அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாலு 'சார்' ஆபீசர் 'சார்' ஆகிவிடுவார். ('தோ' என்றதும் நம் பிள்ளைகள் "எங்கே?" என்று திரும்பிப் பார்ப்பது தனிக் கதை.) அடுத்து க்யாரா, பாரா, தேரா, சௌதா, பந்த்ரா, ஸோலா, ஸத்ரா, அட்டாரா, உன்னீஸ், பீஸ். இந்த இருபதையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பாட்டுப் போல இரண்டு நாள் சொன்னால் வந்துவிடும்.

சிக்கல் இருபத்தொன்றில் தொடங்குகிறது. தமிழில் இருபது தெரிந்து, ஒன்று தெரிந்தால் இருபத்தொன்று தானாக வந்துவிடும். உருதுவில் அப்படி இல்லை. தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வொன்றும் தனிச்சொல் போலவே ஒலிக்கும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஆனால் காதைக் கூர்மையாக்கிக் கேட்டால் உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது. சொல்லின் தலை ஒன்றாம் இடத்தைச் சொல்லும், வால் பத்தாம் இடத்தைச் சொல்லும். தமிழுக்கு நேர் தலைகீழ். மக்தபில் அரபி எண்கள் படித்த பிள்ளைக்கு இது சுலபமாகப் புரியும், ஏனென்றால் அரபியிலும் 'ஐந்தும் இருபதும்' என்றுதான் வரும்.

ஆகவே வால்களை முதலில் பிடியுங்கள். பத்துகளின் முழுப்பெயர்கள் இவை: பீஸ், தீஸ், சாலீஸ், பச்சாஸ், ஸாட், ஸத்தர், அஸ்ஸீ, நவ்வே, பிறகு நூறுக்கு ஸௌ. வேறு எண்ணோடு சேரும்போது இவை சுருங்கும். இருபதுகள் 'ஈஸ்' என்றும், முப்பதுகள் 'தீஸ்' என்றும், நாற்பதுகள் 'ஆலீஸ்' என்றும் முடியும். ஐம்பதுகள் மட்டும் 'வன்' அல்லது 'பன்' என்று வேறு சட்டை போட்டுக்கொள்ளும். அறுபதுகள் 'ஸட்', எழுபதுகள் 'ஹத்தர்', எண்பதுகள் 'ஆஸீ', தொண்ணூறுகள் 'ஆனவே'.

இனி தலை. இரண்டை எடுத்துக்கொள்வோம். பாரா, பாயீஸ், பத்தீஸ், பயாலீஸ், பாவன், பாஸட், பஹத்தர், பயாஸீ, பானவே: 12, 22, 32, 42, 52, 62, 72, 82, 92. எல்லாம் 'ப'வில் தொடங்குகின்றன. எட்டு என்றால் 'அட்': அட்டாயீஸ், அட்தீஸ், அட்தாலீஸ், அட்டாவன் என்று அட்டானவே வரை போகும். நான்கு என்றால் 'சௌ' அல்லது 'சவ': சௌபீஸ், சௌந்தீஸ், சவாலீஸ், சவ்வன். இப்படிக் குடும்பம் குடும்பமாகப் படித்தால் எண்பது தனிச்சொற்கள் எட்டு ஒன்பது குடும்பங்களாகச் சுருங்கிவிடும். வரிசையாக 21, 22, 23 என்று படிப்பதைவிட இது எளிது என்பது எங்கள் அனுபவம்.

ஒன்பதின் குடும்பத்துக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. உன்னீஸ் என்றால் 'இருபதுக்கு ஒன்று குறைவு' என்று பொருள். 'உன்' என்பது குறைவைக் காட்டும். எனவே 29 உன்தீஸ், அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. 39 உன்தாலீஸ், 49 உன்சாஸ், 59 உன்ஸட், 69 உனஹத்தர், 79 உனாஸீ. வாலைக் கேட்டு 'ஸட்' வந்ததே, அறுபத்தொன்பதுதான் என்று நினைத்தால் பத்து ரூபாய் தப்பும். விசித்திரம் என்று சிரிக்க வேண்டாம். நம் தொண்ணூறுக்குள் நூறும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் உட்கார்ந்திருக்கின்றனவே, அதுவும் இதே மாதிரி மேல்படியைப் பார்த்து வைத்த பெயர்தான். ஆனால் 89-உம் 99-உம் இந்த விதிக்கு வருவதில்லை. அவை நவாஸீ, நின்னானவே.

இப்போது அந்த நிக்காஹ் மஜ்லிஸுக்குத் திரும்புவோம். ஐந்தின் குடும்பத்தில் 'பச்' என்ற தலை அதிகம். பச்சீஸ் 25, பச்பன் 55, பச்ஹத்தர் 75, பச்சாஸீ 85, பச்சானவே 95. இவற்றோடு ஐம்பதின் சொந்தப் பெயரான பச்சாஸும் சேர்ந்துகொள்கிறது. தலையை மட்டும் கேட்டுத் தலையாட்டினால் 25-உம் 50-உம் 85-உம் ஒன்றாகிவிடும். முடிவு 'ஈஸ்'ஸா, 'ஆஸ்'ஸா, 'ஆஸீ'யா என்று கேட்க வேண்டும். இதே போல ஸாத் ஏழு, ஸாட் அறுபது. நடுவே நிற்பது ஒரு நா மடிப்புத்தான். மஹர், கடன், வீட்டு வாடகை, சீட்டுப் பணம் எதுவானாலும் உருதுவில் தொகை சொல்லப்பட்டால், அதைத் தமிழில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

எண்களைவிட அதிகம் தடுக்கி விழ வைப்பவை பின்னங்கள். கால் 'பாவ்', அரை 'ஆதா', முக்கால் 'பௌன்' என்பது வரை சரி. 'ஸவா' என்றால் கால் கூட. 'ஸாடே' என்றால் அரை கூட. 'பௌனே' என்றால் கால் குறைய. பௌனே ஸாத் பஜே என்றால் ஏழே முக்கால் அல்ல, ஆறே முக்கால். இதை ஏழே முக்கால் என்று எடுத்துக்கொண்டு சாவகாசமாகக் கிளம்பி வந்து, பஸ் ஸ்டாண்டில் வேன் போன தடத்தைப் பார்த்து நின்றவர்கள் எங்கள் நண்பர்களிலேயே உண்டு. ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் மட்டும் ஸாடே வராது. ஒன்றரை 'டேட்', இரண்டரை 'டாயீ'. சில வீடுகளில் 'அடாயீ' என்பார்கள். மூன்றரையிலிருந்துதான் ஸாடே தீன், ஸாடே சார் என்று போகும்.

இதே சொற்கள் நூறுக்கும் ஆயிரத்துக்கும் முன்னாலும் வரும். ஸவா ஸௌ 125, டேட் ஸௌ 150, பௌனே தோ ஸௌ 175, டாயீ ஸௌ 250, டேட் ஹஜார் 1500, ஸவா லாக் 1,25,000. பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில் கால், அரை, முக்காலில் பேசுவதுதான் வசதி. 1957-இல் நயா பைசா வந்தும் பேச்சு மாறவில்லை. நாமும் இன்னும் நாலணா, எட்டணா என்கிறோமே.

பின்னம் பிசகினால் நஷ்டம் பஸ்ஸோடு நிற்பதில்லை. உருது கிதாபுகளில் ஓதிய ஹஜ்ரத்மார்கள் ஜகாத்தின் நிஸாபைச் சொல்லும்போது, தங்கம் 'ஸாடே ஸாத் தோலா', வெள்ளி 'ஸாடே பாவன் தோலா' என்பார்கள். முதலாவது ஏழரைத் தோலா, இரண்டாவது ஐம்பத்திரண்டரைத் தோலா. இந்தப் 'பாவன்' நம் காதில் 'பவுன்' என்று விழுகிறது. தோலாவை விட்டுவிட்டு, தங்கம் ஏழரைப் பவுன் என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டை நாங்கள் அறிவோம். ஒரு தோலா ஏறக்குறைய 11.66 கிராம், பவுன் 8 கிராம். ஏழரைத் தோலா என்பது 87.48 கிராம், பவுன் கணக்கில் பதினொன்றுக்குச் சற்றுக் குறைவு. ஏழரைப் பவுனோ வெறும் 60 கிராம். வெள்ளியில் ஐம்பத்திரண்டரைத் தோலா 612 கிராமுக்குச் சற்று மேல் வரும். எதை நிஸாபாக எடுப்பது, அணியும் நகைக்கு உண்டா என்பவற்றை உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் இங்கே சொல்வது எண்ணை மட்டும். கொடுக்க வேண்டிய அளவை 'டாயீ ஃபீஸத்' என்பார்கள், நூற்றுக்கு இரண்டரை. 'சாலீஸ்வாம் ஹிஸ்ஸா' என்றாலும் அதுவேதான், நாற்பதில் ஒரு பங்கு. ஒரு லட்சத்துக்கு டாயீ ஹஜார், அதாவது 2500 ரூபாய்.

எழுத்தில் படிக்க விரும்புவோருக்கு இரண்டு சொல். உருது வலமிருந்து இடம் எழுதப்பட்டாலும் எண்கள் நம்முடையதைப் போல இடமிருந்து வலமாகத்தான் வரும். குர்ஆனில் ஆயத்து எண்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது, வடிவங்கள் பெரும்பாலும் அவையே. கவனிக்க வேண்டியது ஐந்தும் பூஜ்யமும். வட்டமாக இருப்பது பூஜ்யம் அல்ல, ஐந்து. பூஜ்யம் வெறும் புள்ளி. பழைய கடன் சீட்டு ஒன்றை ஒரு தம்பி எங்களிடம் கொண்டுவந்து, "இதுல வெறும் சைபரா போட்டிருக்கே" என்றான். அவன் கண்ட சைபர்கள் எல்லாம் ஐந்துகள்.

உருதுவில் எண்ணத் தெரிந்தால் இந்தியிலும் எண்ணத் தெரிந்த மாதிரிதான், வாய்ப்பேச்சில் எண்கள் ஏறக்குறைய ஒன்றே. வடநாட்டு வியாபாரியிடம் பேசுபவருக்கும், சவூதியிலோ துபாயிலோ வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் அது உதவும். கற்றுக்கொள்ள இடம் தேடி அலைய வேண்டாம். தாதிமாவோ நானிமாவோ இருக்கும் வீட்டில் அவர்களைத் தினமும் பத்து நிமிடம் காய்கறி விலையை உருதுவில் சொல்லச் சொல்லுங்கள், பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். உருது வீட்டுக்கு வந்த மருமகள் கூச்சப்பட வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளைகளும் உங்களோடு சேர்ந்து முதல் பாடத்திலிருந்துதான் தொடங்குவார்கள்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு. தாதிமா பாஞ்ச் ஸௌ ரூபாய் கொடுத்துப் பேரனைக் கடைக்கு அனுப்புகிறார். கறி பௌனே தீன் ஸௌ, மளிகை டேட் ஸௌ. மீதி எவ்வளவு என்று அவன் உருதுவில் சொல்ல வேண்டும். விடை ஐந்தின் குடும்பத்தில் இருக்கிறது.