மெத் எடுத்த அன்னிக்கு ஏஆர்டி மாத்திரையை நிறுத்தணுமா?

இந்த வாரம் வேற தலைப்பு பேசுறதா இருந்தது. கோட்டக்குப்பத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பின வாய்ஸ் நோட்டைக் கேட்டதும் மாத்திட்டோம். பேர் சொல்லப் போறதில்லை, கேள்வி மட்டும் இதோ:

"அக்கா, எங்க அண்ணன் ஒரு காலத்துல போதை ஊசி போட்டுக்கிட்டவரு. அதுல எச்ஐவி வந்துச்சு. மூணு வருஷமா ஏஆர்டி மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறாரு. இப்ப கொஞ்ச மாசமா சனி, ஞாயிறுல மெத் ஊசி போடுறாரு. ரெண்டும் சேர்ந்தா விஷமாயிடும்னு அந்த ரெண்டு நாளும் மாத்திரையைத் தொடுறதில்ல. அது சரிதானே?"

சரியில்ல தம்பி. முதல்ல பதிலைச் சொல்லிடுறேன், காரணம் அப்புறம். மெத் எடுத்த அன்னிக்கும் ஏஆர்டி மாத்திரை போடணும். எடுக்காத அன்னிக்கும் போடணும்.

உங்க அண்ணன் மட்டும் இப்படி நினைக்கலை. குடிக்கிறவங்க, போதைப்பொருள் எடுக்கிறவங்க நடுவுல பல நாடுகள்ல இதே பயம் இருக்குன்னு ஆய்வுகள் சொல்லுது. மாத்திரையை மறந்து விடுறது ஒண்ணு. பயந்து, தெரிஞ்சே விடுறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு அலாரம் வெச்சுப் பிரயோஜனம் இல்லை. "மருந்து சாப்பிடும்போது சரக்கு கூடாதுடா"ன்னு வீட்டுல கேட்டே வளர்ந்தவங்க நாம. அந்த அறிவுரையைப் பாதி பேர் எப்படிப் புரிஞ்சுக்கிறாங்கன்னா, சரக்கை விடுறதுக்குப் பதிலா மருந்தை விட்டுடுறாங்க.

இப்ப இந்தியாவுல அரசு ஏஆர்டி மையங்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தர்றது ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. அதுக்குள்ள டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர்னு மூணு மருந்து. இந்தக் கூட்டு மெத்தோட சேர்ந்து விஷமா மாறாது. இதுக்காக மெத் பாதுகாப்பானதுன்னு அர்த்தமில்ல. இதயத்துக்கும் மூளைக்கும் அது செய்யிற கேடு தனிக் கணக்கு.

ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் கட்ட மருந்து வேலை செய்யாம இரண்டாம் கட்டத்துக்கு மாறினவங்க மருந்துல ரிடோனாவிர் இருக்கலாம். அது உடம்புல மெத் அளவை ஏத்திவிடக்கூடியது. அப்பவும் மாத்திரையை நாமளா நிறுத்தக்கூடாது, டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லணும். வேடிக்கை என்னன்னா, டோலுடெக்ராவிர் சாப்பிடுறவங்க நிஜமா கவனிக்க வேண்டியது வயித்தெரிச்சலுக்குப் போடுற ஆன்டாசிட். ரெண்டையும் ஒரே நேரத்துல போட்டா மருந்து உடம்புல சரியா சேராது. அதைப் பத்தி யாரும் பயப்படுறதே இல்லை.

வாரத்துக்கு ரெண்டு நாள்தானேன்னு தோணும். வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 104 நாள். ஒரு வேளை தவறினா வைரஸ் உடனே எகிறிடாது. ஆனா வாராவாரம் இடைவெளி கிடைச்சா அது பெருகும், மருந்துக்கு அடங்காத வகையும் உருவாகலாம்.

இன்னொண்ணும் நடக்குது. தமிழ்நாட்டுல ஊசின்னா இத்தனை நாள் ஹெராயின், பியூப்ரெனார்ஃபின், இப்ப கரைச்சுப் போடுற வலி மாத்திரைகள். எல்லாம் ஓபியாய்டு வகை, ஆளை அமுக்கும். மெத், கோகெயின் மாதிரி ஸ்டிமுலன்ட் அதுக்கு நேரெதிர். ரெண்டு மூணு நாள் தூக்கமில்ல, பசியில்ல, பகலா ராத்திரியான்னு தெரியாது. அப்புறம் ஒரேயடியா விழுந்து தூங்குவாங்க. தினமும் ஒரே நேரத்துல போட வேண்டிய மாத்திரைக்கு இதைவிடக் கெட்ட எதிரி இல்லை. கோகெயின் வேகம் சீக்கிரம் இறங்கிடும், அதனால ஒரு நாளைக்குப் பல தடவை ஊசி ஏறும். கனடாவின் வான்கூவர்ல 1989-லயே ஊசி மாற்றித் தரும் திட்டம் இருந்தும், 1990-களின் நடுவுல எச்ஐவி வேகமாப் பரவினதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஓபியாய்டுக்கு மாற்று சிகிச்சை இருக்கு. நாக்குக்கு அடியில வைக்கிற பியூப்ரெனார்ஃபின் மாத்திரையை அரசு மையங்கள்லயே தர்றாங்க. தினமும் அதுக்கு வர்ற ஆளை ஏஆர்டிக்கும் பழக்கிடலாம். ஸ்டிமுலன்டுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இன்னும் இல்லை. இதுவரை நல்லா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சது கேட்கச் சாதாரணமா இருக்கும்: பழக்கத்தைக் குறைச்சா, சிகிச்சைக்கு வந்தா, சின்னப் பரிசு.

பரிசு முறையை நம்ம சென்னையில எச்ஐவி சிகிச்சைக்கே சோதிச்சுப் பார்த்தாங்க. போதைப்பொருள் பயன்படுத்தின, எச்ஐவி தொற்றுள்ள 120 பேர், ஒரு வருஷம். முடிவு 2014-ல வெளியாச்சு. பொருள் வாங்குற வவுச்சர் கிடைச்ச குழுவுல 45 விழுக்காட்டினர் ஏஆர்டி தொடங்கினாங்க, மத்த குழுவுல 27. மருத்துவமனைக்கு வந்த தடவைகளும் கூடுச்சு. ஆனா வைரஸ் அடங்கினதுல ரெண்டு குழுவுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை! எனக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஆளை வாசல் வரைக்கும் கொண்டு வர்றது ஒரு வேலை. வீட்டுல, சனிக்கிழமை ராத்திரி, அந்த மாத்திரை வாய்க்குள்ள போறது வேற வேலை. அதுக்கு யாராவது பக்கத்துல இருக்கணும். இந்தக் கதையில அது நீங்க, தம்பி.

என்ன செய்யலாம்? ஞாயிறுக்கு வேண்டிய மாத்திரையைச் சின்ன டப்பியில போட்டு அவர் பாக்கெட்டுல வைங்க. அவர் எந்த நிலையில இருந்தாலும் திட்டாம, "மாத்திரை போட்டியாண்ணே?"ன்னு மட்டும் கேளுங்க. ஊசி புதுசா இருக்கணும், யாரோடவும் பகிரக்கூடாது. வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சா உடலுறவு வழியா பரவாதுங்கறது நிரூபணமான விஷயம். ஊசிக்கு அந்த உறுதியை யாரும் தரலை, ஹெபடைடிஸ் சி வேற இருக்கு.

டாக்டர்கிட்ட சொன்னா போலீசுக்குப் போயிடுமோன்னு கேட்டிருந்தீங்க. 2018 செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்த எச்ஐவி சட்டப்படி, அவர் சம்மதம் இல்லாம தொற்று விவரத்தை வெளிய சொல்லக்கூடாது. புது ஊசி தர்றது மாதிரி பரவலைத் தடுக்கிற வேலையும் அந்தச் சட்டப்படி குற்றமில்ல. கோட்டக்குப்பத்துல இருந்து ரோட்டைத் தாண்டினா புதுச்சேரி, ஜிப்மர்ல ஏஆர்டி மையம் இருக்கு. ஊர்க்காரங்க பார்த்துடுவாங்கன்னு தயக்கம்னா, விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம்.

அடுத்த தடவை போகும்போது வைரல் லோட் டெஸ்ட் எப்பன்னு கேளுங்க. வாராவாரம் ரெண்டு நாள் விட்டதையும் அங்க மறைக்காம சொல்லச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி பேர் சொல்லாம பேசிப் பார்க்கணும்னா 1097, கட்டணம் கிடையாது. போதை பழக்கத்துக்குத் தனியா 14446.