மூக்கொழுகும் ஆமையும் வீட்டாரின் கடமையும்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பகுதியில், கலிபோர்னியா, நெவாடா ஆகிய மாநிலங்களில், ஆமையைத் தம் குடும்பத்தில் ஓர் அங்கமாகப் பேணிவரும் வீடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. மொஹாவி என்னும் பாலைவனத்தைத் தாயகமாகக் கொண்ட நில ஆமையே அவ்வீடுகளின் தோட்டங்களில் உலவுகின்றது. அது 50 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழக் கூடியது. ஆதலால் பாட்டனார் வளர்த்த ஆமையைப் பேரன் பராமரிப்பதும் உண்டு. 1972-ஆம் ஆண்டில் கலிபோர்னியா அரசு அதனைத் தன் மாநிலத்திற்குரிய ஊர்வனப் பிராணியாக அறிவித்துச் சிறப்பித்தது.

கல்லைப் போன்ற ஓட்டினுள் வாழும் இப்பிராணியை வருத்தும் நோய்களுள் ஒன்று, பார்வைக்கு மிக எளியதாகத் தோன்றும் மூக்கொழுகல். அதனை எவ்வாறு கவனிப்பது என்பதையும், கவனியாது விட்டால் விளையும் கேட்டினையும் அறிந்துகொள்வது நலம்.

வெறும் ஜலதோஷமன்று

மனிதருக்கு வரும் ஜலதோஷம் பெரும்பாலும் சில நாள்களில் தானே அகன்றுவிடும். ஆமையின் மூக்கொழுகல் அத்தகையதன்று. மார்பையும் வயிற்றையும் பிரித்து நம் மூச்சுக்குத் துணைசெய்யும் உதரவிதானம் ஆமைக்கு இல்லை. எனவே வலுவாக இருமிச் சளியை வெளியேற்ற அதனால் இயலாது. தங்கிய சளியும் கிருமிகளும் கீழிறங்கி நுரையீரலை அடைந்தால் நிமோனியா கண்டு உயிருக்கே ஆபத்து நேரிடும்.

முதலில் மூக்குத் துளைகளில் தெளிந்த நீர்க்குமிழிகள் தோன்றும். பின்னர் சளி கெட்டிப்படும்; இமைகள் வீங்கும்; ஆமை உணவை மறுத்து ஒரு மூலையில் ஒடுங்கும். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கினால், அதற்குமேல் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

காரணங்கள் பல. தூசியோ புல்விதையோ மூக்கில் புகுந்திருக்கலாம். ஈரமும் குளிரும் கலந்த இருப்பிடமும், வைட்டமின் ‘ஏ’ குறைந்த உணவும் நோய்க்கு வழிகோலும். ஹெர்பெஸ் வகை வைரஸும் பலவகை நுண்கிருமிகளும் நோயை உண்டாக்கும். மொஹாவி ஆமைகளிடையே பெரிதும் பரவியுள்ளது மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர். இதற்குச் செல்சுவர் கிடையாது. பென்சிலின் இனத்து மருந்துகளோ கிருமியின் செல்சுவரைத் தாக்கியே அதனை அழிப்பவை. ஆகவே வீட்டில் மிஞ்சியிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதால் பயன் விளையாது.

வெப்பமே முதல் மருந்து

ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் கொள்ள இயலாத பிராணி. உடல் குளிர்ந்திருந்தால் அதன் நோய் எதிர்ப்பாற்றலும் உறங்கிக் கிடக்கும். கொடுத்த மருந்தும் உரியவாறு வேலை செய்யாது. எனவே நோயுற்ற ஆமையை முதலில் மற்ற ஆமைகளிடமிருந்து பிரித்து, ஈரமற்ற, தூசியற்ற இடத்தில் வைக்க வேண்டும். பகலில் ஏறத்தாழ 27 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் கிடைக்கச் செய்வதும், இரவில் குளிர் தாக்காது காப்பதும் அவசியம். நாள்தோறும் கால் மணி நேரம், தாடைக்குக் கீழே நிற்குமளவு வெதுவெதுப்பான நீரில் இருக்கவிட்டால், அது நீர் அருந்தி உடல் வறட்சி நீங்கும். மூக்கைத் தூய பஞ்சினால் மெல்லத் துடைத்துவிடலாம். எடையை நிறுத்துக் குறித்துவருதல் நலம். எடை குறைவது நோய் முற்றுவதற்கு அறிகுறி.

இவை யாவும் துணைச் சிகிச்சையே. ஊர்வனவற்றை நன்கறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது. அவர் சளியை எடுத்துச் சோதித்துக் கிருமி இன்னதென்று கண்டறிவார். உப்புநீரால் மூக்கைக் கழுவுவார். தக்க மருந்தை ஊசி வாயிலாகவோ மூக்குத் துளிகளாகவோ செலுத்துவார். பின்னங்காலில் இடும் மருந்து உடலெங்கும் பரவுமுன் சிறுநீரகத்தை அடையக்கூடும் என்பதால், ஊசியைப் பொதுவாக உடலின் முற்பகுதியிலேயே இடுவர். நாய்க்கும் மாட்டிற்கும் பூச்சிமருந்தாகக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சாகும். நோயுள்ள ஆமையைக் குளிர்கால உறக்கத்திற்கு அனுப்புவதும் ஆகாது. உறக்கத்தில் அதன் எதிர்ப்பாற்றல் மேலும் குன்றிவிடும்.

தோட்டத்திலிருந்து பாலைவனத்திற்கு

இந்நோயில் கவனிக்க வேண்டிய கசப்பான உண்மை ஒன்றுண்டு. சிகிச்சையால் மூக்கொழுகல் நின்றாலும், மைக்கோபிளாஸ்மா உடலைவிட்டு முற்றிலும் நீங்காமல் போகலாம். நலமாகத் தோன்றும் ஆமையே மற்றவற்றுக்கு நோயைத் தொற்றுவிக்கும். குளிரோ அலைச்சலோ நேர்ந்தால் அதற்கே நோய் திரும்பவும் வரும். ஆகையால் புதிதாக வரும் ஆமையைப் பல மாதங்கள் தனித்து வைத்துக் கவனித்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.

இதை அறியாதவர்களும் பொருட்படுத்தாதவர்களும், வளர்த்துச் சலித்த ஆமைகளைப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டனர். ‘பிறந்த இடத்திற்கே போகட்டும்’ என்று எண்ணியவர்கள் அவர்களுள் இருந்திருக்கலாம். 1988-ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் ஆமைகளுக்கென ஒதுக்கப்பட்ட காப்பிடத்திலேயே மூக்கொழுகும் ஆமைகள் காணப்பட்டன. 1990-இல் அமெரிக்க மைய அரசு மொஹாவி ஆமையை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. வாழிடம் சுருங்கியது முதலிய வேறு காரணங்களும் அதற்கு இருந்தன; எனினும் வீடுகளிலிருந்து விடப்பட்ட ஆமைகளும் நோய் பரவத் துணைபோயின என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மைக்கோபிளாஸ்மாவே இந்நோய்க்குக் காரணம் என்பது 1994-இல் ஆய்வினால் உறுதிப்பட்டது.

நமக்கும் ஒரு பாடம்

நம் நாட்டு நட்சத்திர ஆமையின் நிலை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றமாகும். 2019-இல் அதன் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டது. ஆயினும், பழமொழிக்கு நேர்மாறாக, அது அதிர்ஷ்டம் தரும் என்று நம்பி மறைவில் வளர்ப்போர் உளர். அத்தகைய ஆமை எவர் கையிலேனும் இருந்தால், அது நோயுற்றதும் அஞ்சி அருகிலுள்ள காட்டில் விட்டுவிடுவது தீர்வன்று. மொஹாவியில் நேர்ந்ததே இங்கும் நேரக்கூடும். அதனை வனத்துறையினரிடம் ஒப்படைத்தலே முறையாகும்.

சிறுவர்க்கும் ஒரு சொல். ஆமையின் உடலில் சால்மனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். எனவே ஆமையைத் தொட்ட கையைச் சோப்பினால் கழுவாமல் உணவருந்தலாகாது.

வலியைக் குரலெடுத்துச் சொல்ல அறியாத உயிர் ஆமை. அதன் மூக்கின் நுனியில் தோன்றும் ஒரு நீர்க்குமிழியே அதன் முறையீடு. அதனை உரிய காலத்தில் கண்டுகொள்வதும், நோய் தீர்ந்த பின்னும் கைவிடாது காப்பதும் வளர்ப்போரின் கடமையாகும்.